நிவாதோகோ பழத்தில் சிரப் காய்ச்சலாமா?

ஜப்பானில் வீட்டு வேலியோரம் நிற்கும், எல்டர் என்ற புதர்மர வகையைச் சேர்ந்த நிவாதோகோவை எப்படிப் பராமரிப்பது, அதன் சிவப்புப் பழத்தில் எல்டர்பெரி சிரப் காய்ச்சலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிரப் வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவின் கறுப்புப் பழ எல்டருக்கு எழுதியவை. இது அதன் பங்காளிதான், ஆனால் வேறு இனம்.

வளர்ப்பதில் சிரமமே இல்லை. நாகானோவில் எங்கள் வீட்டில் இருப்பது பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த போத்திலிருந்து வந்தது. மார்ச்சில் மொட்டு விரியுமுன் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஊன்றினேன். முருங்கைப் போத்து மாதிரி தானாகத் துளிர்த்துக்கொண்டது. ஈரம் காக்கும் மண்ணும் அரை நிழலும் போதும். ஒருமுறை குளிர்காலத்தில் ஒட்ட வெட்டிவிட்டேன், அந்த வருடம் பூவே இல்லை. போன வருடக் கிளையில்தான் பூ வரும் என்பதால், பூத்து முடிந்த பிறகு கவாத்து செய்யுங்கள்.

சாப்பிடும் விஷயத்துக்கு வருவோம். இலை, தண்டு, வேர், காய், விதை எல்லாவற்றிலும் சயனைடு வெளிவிடும் பொருள் உண்டு, நம் மரவள்ளியில் இருப்பது போல. 1983இல் கலிபோர்னியாவில் வேறொரு எல்டர் இனத்தின் பழத்தை இலை, கிளையோடு சேர்த்துப் பிழிந்து குடித்தவர்களில் 8 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இங்கே வசந்தத்தில் இளந்துளிரை டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரிப்பது) போடும் வழக்கம் உண்டு. பாட்டி ஒரு தட்டு கொடுத்தார். ருசியில் மயங்கி ஏழெட்டைத் தின்றுவிட்டு ராத்திரி முழுக்கக் கழிவறையில் கிடந்தேன். "ரெண்டு போதும்னு சொன்னேனே" என்றார் மறுநாள். இப்போது அந்த இரண்டும் தின்பதில்லை.

அவோமோரியின் சன்னாய் மருயாமா என்ற, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஜோமோன் காலக் குடியிருப்பில் இதன் விதைகள் குவியலாகக் கிடைத்தன; பழத்தைப் புளிக்கவைத்துக் குடித்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அதை நம்பி நாம் ஊறல் போட முடியாது. சீன எழுத்தில் இதன் பெயர் 'எலும்பு ஒட்டும் மரம்'. முறிவுக்குக் கட்டுப் போட்ட பழைய வைத்தியத்திலிருந்து வந்தது. கை உடைந்தால் எக்ஸ்ரே எடுக்கப் போங்கள்.

குழந்தைகள் இருந்தால் கிளை மேல் ஒரு கண் வையுங்கள். தண்டின் உள்ளே நெட்டி மாதிரி மென்மையான வெள்ளைச் சோற்றுப் பகுதி இருக்கும். குச்சியால் குத்தினால் குழாய் தயார். என் மகன் அதை ஊதுகுழலாக வாயில் வைக்கப் போனான். பிடுங்கிக்கொண்டு, சோற்றை மட்டும் அவனிடம் கொடுத்தேன். அதன் நடுவே இலையைச் செருகி மெல்லிசாகச் சீவினால் நுண்ணோக்கியில் பார்க்கலாம். இங்கே பள்ளிகளில் அதற்காகவே இதை வைத்திருந்தார்களாம்.