ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு: கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா?

முதலில் மானிட்டர் கேபிள் கார்டில்தான் இருக்கிறதா, மதர்போர்டிலா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மதர்போர்டில் ‘விஜிஏ’ விளக்கு (கிராபிக்ஸ் கோளாறைக் காட்டும் சிறு விளக்கு) எரிந்தபடி நின்றால் சந்தேகம் கார்டின் மேல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு கார்டைக் கழற்றி, ஸ்லாட்டின் கொக்கி ‘டிக்’கென்று விழும்வரை மறுபடி அழுத்திப் பொருத்துங்கள்.

அடுத்தது மின்சாரம். ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். பவர் சப்ளையிலிருந்து வரும் 6 பின் இணைப்பு 75 வாட், 8 பின் 150. கார்டின் 8 பின் காலியாக இருந்தால் ஃபேன் சுற்றினாலும் படம் வராது. சிபியுவுக்கான 4+4 பின் கேபிளை அதில் திணிக்காதீர்கள்: 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். கார்டுக்குரியது 6+2 பின் கேபிள்.

இன்னும் கறுப்பா? சிபியுவில் உள் கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றி, கேபிளை மதர்போர்டில் செருகுங்கள். படம் வந்தால், கார்டை வேறு கணினியில் போட்டுப் பாருங்கள்: அங்கேயும் கறுப்பு என்றால் கார்டுதான் போய்விட்டது, அங்கே படம் வந்தால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள்.