58 வயதில் ஹெல்த்டெக் தொழில்: பி.எஃப். பணத்தைப் போடலாமா?

கேள்வி: கோவை கவுண்டம்பாளையத்தில் இருக்கிறேன். மருத்துவக் கருவிகள் விற்கும் கம்பெனியில் 31 வருடமாக சர்வீஸ் இன்ஜினியர். அடுத்த ஜூனில் 58 வயதாகி ஓய்வு பெறுகிறேன். பி.எஃப். 46 லட்சம், கிராஜுவிட்டி 12 லட்சம் வரும். வங்கி டெபாசிட் 9 லட்சம். பென்ஷன் மாதம் 6,500 ரூபாய் கிடைக்கும். சொந்த வீடு, கடன் இல்லை. மாதச் செலவு 38,000. மகளுக்கு இரண்டு வருடத்தில் கல்யாணம். என்னிடம் வேலை பழகிய 28 வயதுத் தம்பி ஒருவர் இப்போது சாஃப்ட்வேரில் இருக்கிறார். படுக்கையில் இருக்கும் முதியவர்களின் ஆக்ஸிஜன் அளவையும் நாடித்துடிப்பையும் பார்த்துப் பிள்ளைகளின் போனுக்கு அனுப்பும் கருவி ஒன்றைச் சேர்ந்து தயாரிக்கலாம் என்கிறார். நான் 30 லட்சம் போட வேண்டும், அவர் உழைப்பைத் தருவார், ஆளுக்குப் பாதிப் பங்கு. மேற்கொண்டு 25 லட்சம் வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கலாமாம். மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தொழிலைத் தொடங்குங்கள் சார். ஆனால் 30 லட்சம் போடாதீர்கள். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

வயதைக் காரணம் காட்டி நான் தடுக்கவில்லை. 28 வயதுக்காரர் 30 லட்சத்தைத் தொலைத்தால் அவருக்கு இன்னும் 30 வருடச் சம்பளம் பாக்கி இருக்கிறது. உங்களுக்கு அது இல்லை. அதனால் கணக்கைச் செலவிலிருந்து தொடங்குவோம்.

58 வயதில் பணி ஓய்வு பெறுவதால், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம். 60 வரை காத்திருக்க வேண்டாம். உச்ச வரம்பு 30 லட்சம். 8.2% வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. அடுத்து, அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் உங்கள் மனைவியோடு கூட்டுக் கணக்காக 15 லட்சம். 7.4% வட்டியில் மாதம் 9,250. பென்ஷனையும் சேர்த்தால் 36,250 ரூபாய். உங்கள் செலவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. விலைவாசி ஏற ஏற இந்தத் தொகை ஏறாது என்பது ஒரு குறைதான். அந்த இடைவெளியைத் தொழில் நிரப்பட்டும்.

மொத்தம் 67 லட்சத்தில் 45 போயிற்று. மீதி 22. மகள் கல்யாணத்துக்குச் சிக்கனமாகவே 10 லட்சம் ஒதுக்குங்கள். திடீர்ச் செலவுக்கு 4 லட்சம். மிச்சம் 8 லட்சம். முழுசும் போனாலும் சாப்பாட்டுக்குப் பாதகமில்லாத தொகை அதுதான். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டம்மாவிடம் காட்டுங்கள். அவர் எதிர்ப்பது தொழிலையா, 30 லட்சத்தையா என்பது அப்போது தெரிந்துவிடும்.

சரி, 8 லட்சத்தில் கருவி தயாரிக்க முடியுமா? முடியாது. 2017-ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின்படி ஆபத்து குறைந்த ஏ, பி வகுப்புச் சாதனம் தயாரிக்க மாநில அரசிடமும், ஆபத்து கூடிய சி, டி வகுப்புக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடமும் உரிமம் வாங்க வேண்டும். நோயைக் கண்காணிப்பதற்கென்று எழுதும் மென்பொருளும் சாதனம்தான். தம்பி இதை யோசித்தாரா என்று கேளுங்கள். தரக் கட்டுப்பாட்டு ஆவணங்கள், ஆய்வகச் சோதனை, மாற்றி மாற்றிச் செய்யும் மாதிரிகள் என்று விற்பனை தொடங்கும் முன்பே பணம் கரையும். அந்தக் கட்டத்தைப் பி.எஃப். பணம் தாங்கக்கூடாது. அதற்கென்றே பொதுப்பணம் இருக்கிறது. உயிரித் தொழில்நுட்பப் புதுமைகளுக்கு உதவும் மத்திய அரசின் பைராக் அமைப்பு தரும் பிக் மானியம் 50 லட்சம் வரை. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும், புது நிறுவனங்களுக்குத் தொடக்க நிதி தரும் டான்சீட் திட்டமும் உண்டு. உங்கள் ஊரிலேயே புதுத் தொழில்களை வளர்த்துவிடும் பி.எஸ்.ஜி. ஸ்டெப் என்ற தொழில் காப்பகம் இருக்கிறது. அங்கே போய், இந்தக் கருவி எந்த வகுப்பில் வரும் என்ற ஒரே கேள்வியை முதலில் கேளுங்கள். விண்ணப்பம் எழுதுவது, திட்டத்தை விளக்குவது எல்லாம் தம்பியின் வேலை.

உங்கள் 8 லட்சத்துக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

என் அம்மாவுக்கு வீட்டில் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் வாடகைக்கு வைத்திருந்தோம். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு மஞ்சள் விளக்கு எரிந்து கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது. வாடகைக்குக் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. மாற்று சிலிண்டரோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். காலையில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து பின்பக்கத்து ஃபில்டரை உருவிக் காட்டினார். கம்பளி மாதிரி தூசு! குழாயடியில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டினார். 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். ராத்திரியே வந்திருந்தால் 3,000 கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

31 வருடமாக நீங்கள் செய்யும் வேலை இதுதான். கருவிக்கு உரிமம் வரும்வரை காத்திருக்காமல், ஏற்கெனவே உரிமம் பெற்ற கான்சென்ட்ரேட்டர், மூச்சுவிட உதவும் பைபாப், சளி உறிஞ்சும் சக்‌ஷன் கருவிகளை வாங்கி வாடகைக்கு விடுங்கள். மாதச் சந்தாவில் சர்வீஸும் ராத்திரி அழைப்பும் சேர்த்துக் கொடுங்கள். சாதனங்களை இருப்பு வைத்து விற்க எம்.டி. 42 என்ற பதிவுச் சான்று உண்டு. வாடகைக்கும் அது தேவையா என்பதை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் மாதமே காசு வரும். எந்த வீட்டில் எந்த அலாரம் எப்போது அடிக்கிறது என்ற அனுபவமும் சேரும். நாளைக்குத் தம்பி செய்யப்போகும் கருவிக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆஸ்பத்திரிகளுக்குக் கடனில் கொடுப்பதை முதல் வருடம் தவிருங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் பில்லைத் தூக்கிக்கொண்டு அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்கு நடக்கப்போவது நீங்கள்தான்.

மேற்கொண்டு பணம் தேவைப்பட்டால், சுயதொழிலுக்கு வங்கிக் கடனோடு மானியமும் தரும் மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தைப் பாருங்கள். உச்ச வயது வரம்பு கிடையாது. சேவைத் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 20 லட்சம் வரை. பொதுப் பிரிவுக்கு 10% நம் பங்கு, நகர்ப்புறத்தில் 15% மானியம். ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான், ஏற்கெனவே ஓடும் தொழிலுக்குக் கிடையாது. அதனால் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

பாதிப் பங்கு பற்றி. தம்பி நல்லவராகவே இருக்கட்டும், பெங்களூரிலிருந்து நல்ல சம்பளம் அழைத்தால் என்ன செய்வார்? பங்கை முதல் நாளே மொத்தமாகக் கொடுக்காமல், நான்கு வருடத்தில் வருடத்துக்குக் கால் பாகமாக அவர் பெயருக்கு வரும்படி ஒப்பந்தம் எழுதுங்கள். பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்தால், உங்கள் 8 லட்சத்தில் பெரும்பகுதியை இயக்குநர் கடனாக, அதாவது நீங்கள் கம்பெனிக்குக் கொடுத்த கடனாகக் காட்டச் சொல்லுங்கள். லாபம் வரும்போது அதை முதலில் திருப்பி எடுக்கலாம். லிமிடெட் என்றால் வீடு தப்பிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வங்கி நீட்டும் தனிப்பட்ட உத்தரவாதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு.

இன்னும் இரண்டு விஷயம். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு ஓய்வோடு நின்றுவிடும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு வைக்கலாம் என்பதால், வேலையில் இருக்கும்போதே இருவருக்கும் தனிப் பாலிசி எடுங்கள். அப்புறம், பழைய பணி நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். போட்டித் தொழில் செய்யக்கூடாது, வாடிக்கையாளரை இழுக்கக்கூடாது என்று ஏதாவது வரி இருந்தால் ஜூன் வரை ஒரு கருவிகூட வாங்காதீர்கள்; அந்தக் கடிதத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.