உப்பு தெரிகிறது, ருசி தெரியவில்லை

அன்புள்ள ஐயா,

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போனது. அன்றிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் மண்ணைத் தின்பது போல இருக்கிறது. உப்பு தெரிகிறது, இனிப்பு தெரிகிறது, ருசி மட்டும் இல்லை. மூக்கடைப்பும் இப்போது கிடையாது. நாக்கைப் பார்த்த மருத்துவர் குறை ஒன்றும் இல்லை என்கிறார். வீட்டில் எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள். நாக்கில் எந்தப் பகுதி கெட்டிருக்கும்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

மனப்பிரமை இல்லை. உப்பு தெரிகிறது, ருசி தெரியவில்லை என்று பிரித்துச் சொல்கிறீர்களே, அதுவே உங்கள் நாக்கு நன்றாக இருப்பதற்குச் சாட்சி. பழுது பெரும்பாலும் மூக்கில்தான் இருக்கும்.

நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்ற பள்ளிப் புத்தகப் படத்தை நினைத்துத்தான் 'எந்தப் பகுதி' என்று கேட்டிருப்பீர்கள். அந்தப் படம் தவறு. 1901இல் ஒரு ஜெர்மன் ஆய்வு கண்ட மிகச் சிறிய வித்தியாசங்களைப் பின்னால் வந்தவர்கள் ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள். சுவைமொட்டுகள் உள்ள இடமெல்லாம் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், தக்காளியில் வரும் சுவை) ஐந்தும் தெரியும். நாக்குக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காரம்கூட அதன் கணக்கில் வராது. மிளகாயின் கேப்சைசின், சூட்டையும் வலியையும் உணரும் நரம்பைத்தான் தொடுகிறது.

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனை. மெல்லும்போது வாயில் கிளம்பும் ஆவி, அண்ணத்துக்குப் பின்பக்கமாக மேலேறி, மூச்சு வெளியே போகும்போது மூக்கின் கூரையைத் தொடுகிறது. அங்கே சில சதுர சென்டிமீட்டரே உள்ள ஒரு சவ்வில் வாசனை நரம்பு செல்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் மணத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை. ஒரு மணம் ஒரே நேரத்தில் பல ஏற்பிகளை மீட்டுகிறது, அந்தச் சேர்க்கையை வைத்து மூளை அது இன்னதென்று அடையாளம் காண்கிறது. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. வாய் வழியாக மூக்குக்குப் போன மணத்தை மூளை வாயில் நடந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் மூக்கு போனதும் நாக்கின் மேல் பழி விழுகிறது.

எனக்கும் ஒருமுறை மூன்று வாரம் வாசனை போயிருந்தது. ஆரஞ்சுப் பழத்தை உரித்தபோது தோலிலிருந்து எண்ணெய் சிதறி கட்டைவிரல் நகத்தில் பளபளத்தது. கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கு எட்டவில்லை. சுளையைக் கடித்தேன். புளிப்பு, இனிப்பு, ஈரம், நார் எல்லாம் இருந்தன, ஆரஞ்சு மட்டும் இல்லை. எங்கோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சாப்பிட்டது போலிருந்தது. அதனால் நீங்கள் எழுதிய 'மண்' எனக்குப் புரிகிறது.

இனி நல்ல சேதி. வாசனை நரம்பு செல்கள் ஆயுள் முழுக்கப் புதிதாக முளைப்பவை. சல்லடை போலத் துளையிட்ட மெல்லிய எலும்பு வழியாக அவற்றின் இழைகள் மூளைக்குள் போய்ச் சேர வேண்டும், அதற்கு மாதங்கள் பிடிக்கும். இடையில் காபி ரப்பர் கருகியது போல நாறலாம். பயப்படாதீர்கள், முளைத்த இழைகளின் இணைப்பு இன்னும் சீராகாததால் அப்படி நேர்கிறது என்றே கருதப்படுகிறது. பலருக்கு அது மீள்வதன் அறிகுறி.

பயிற்சியும் உண்டு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாகச் சில வினாடிகள், அந்த மணத்தை நினைவில் கொண்டுவந்து மெல்ல முகருங்கள். குறைந்தது மூன்று மாதம். எல்லோருக்கும் முழுதாகத் திரும்பும் என்று வாக்குத் தர முடியாது, ஆனால் பலருக்கு உதவியிருக்கிறது. காது மூக்கு தொண்டை நிபுணரை ஒருமுறை அவசியம் பாருங்கள். வாசனை திரும்பும்வரை எரிவாயுக் கசிவும் கெட்டுப்போன உணவும் உங்கள் மூக்குக்குத் தெரியாது, வீட்டில் ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மனப்பிரமை என்றவர்களையே முதலில் கூப்பிடுங்கள். கண்ணை மூடி, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு பழ மிட்டாயை வாயில் போடச் சொல்லுங்கள். எந்தப் பழம் என்று கேளுங்கள். இனிக்கிறது, புளிக்கிறது என்பார்கள், பழத்தின் பெயர் வராது. பிறகு மூக்கிலிருந்து விரலை எடுக்கச் சொல்லுங்கள்.