பிளட் பௌல்: லைன்மேனே இல்லாத மனித அணி தேறுமா?

பிளட் பௌல் என்பது பொம்மை வீரர்களை நகர்த்தி, பகடை உருட்டி ஆடும், அமெரிக்கக் கால்பந்து பாணிப் பலகை ஆட்டம். கேள்வி கேட்ட வாசகர் அதில் புதிதாக லீக் தொடங்குகிறார். 10 லட்சம் பொற்காசில் மனித அணி எடுத்திருக்கிறார்: ஓகர் (ராட்சதன்) 1, பிளிட்ஸர் (அடித்து ஆடுபவர்) 4, த்ரோயர் (எறிபவர்) 2, கேட்சர் (பிடிப்பவர்) 4. ஆக 9 லட்சம். மிச்சம் 1 லட்சத்துக்கு ரீரோல் (சறுக்கிய பகடையைத் திருப்பிப் போடும் உரிமை) 2. லைன்மேன், அதாவது சாதாரண ஆள், ஒருவர்கூட இல்லை. "பட்டியலைப் பார்த்தால் மிரட்டலாக இருக்கிறது, ஆட்டத்தில் தேறுமா?" என்பது கேள்வி. நான் சொல்லும் விலைகளும் விதிகளும் 2020 பதிப்பின்படி.

முதல் டச்டவுன் (பந்தை எதிர் எல்லைக்குள் கொண்டுபோவது) வரை தேறலாம். அதற்கப்புறம் களத்தில் நிற்க ஆள் போதாது.

இந்த ஆட்டத்தில் ஒரு பாதிக்கு உங்களுக்குக் கிடைப்பது 8 முறை, அதாவது உங்கள் ஆட்களை நகர்த்தும் 8 சுற்று. நடுவில் உங்கள் ஆள் ஒருவன் அடிபட்டு விழுந்தாலோ, பந்தை எடுக்கப்போய் நழுவவிட்டாலோ டர்ன்ஓவர்: உங்கள் முறை அங்கேயே முடிந்துவிடும். இன்னும் நகராத ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அதனால் ஒரு ஆளை எடுக்கலாமா என்று யோசிக்கும்போது அவனுடைய பலத்தையும் வேகத்தையும் நான் அப்புறம்தான் பார்ப்பேன். எந்தக் கெட்ட உருட்டலிலிருந்து இவன் என்னைக் காப்பாற்றுகிறான் என்பதுதான் முதல் கேள்வி.

பிளிட்ஸரையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கும் பகடையில் ஆறு முகம். ஒரு முகத்தில் அடித்தவனே விழுவான், இன்னொன்றில் இருவருமே விழுவார்கள். பிளாக் திறமை இல்லாதவனுக்கு இரண்டும் ஆபத்து. பிளிட்ஸரைப்போல அது இருப்பவனுக்கு முதல் முகம் மட்டுமே ஆபத்து. இரண்டு பகடை போட்டு நல்லதை எடுத்துக்கொள்ளும் அடியில், திறமை இல்லாதவன் கவிழ 9-ல் 1 வாய்ப்பு. பிளிட்ஸர் கவிழ 36-ல் 1. ஒரே முறையில் இப்படி மூன்று அடி அடித்தால், முதல் வகை ஆட்களை வைத்து எங்காவது ஓரிடத்தில் சறுக்க ஏறத்தாழ 30 சதவீதம். பிளிட்ஸர்களை வைத்து 8 சதவீதம். 85 ஆயிரம் கொடுப்பது இந்த வித்தியாசத்துக்குத்தான். நான்கு பேரையும் எடுத்தது மிகச் சரி. அதில் கை வைக்காதீர்கள். (குள்ளர் அணியோடு மோதியவர்கள் ஏன் புலம்புகிறார்கள் என்பதும் இதில் புரியும். அங்கே பிளாக் கிட்டத்தட்ட சாதாரண ஆளுக்கே இருக்கிறது.)

ஓகர் கதை வேறு. பலம் 5, கவசம் 10+ (10 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் உடையும்), பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் அவனை இயக்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் ஒரு பகடை போட வேண்டும். 1 விழுந்தால் என்ன செய்ய வந்தோம் என்பதையே மறந்து நிற்பான். அடிக்கப் போனாலும் பிளாக் திறமை கிடையாது, பழைய 9-ல் 1 ஆபத்து அப்படியே இருக்கிறது. சறுக்கியதும் ரீரோல் போடலாம் என்றால், லோனர் விதி குறுக்கே வரும்: முதலில் 4+ விழ வேண்டும், விழாவிட்டால் ரீரோலும் போச்சு. 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு ஒரு ஆள் இவ்வளவு பகடை கேட்கிறான். உதவாதவன் என்று சொல்லவில்லை. எதிராளி சுலபத்தில் நெருங்க முடியாத சுவர் அவன். தொடக்கப் பட்டியலில் அந்தச் சுவருக்கு விலை அதிகம், அவ்வளவுதான்.

கேட்சர் நான்கு பேர் என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 65 ஆயிரத்துக்கு 8 கட்டம் ஓட்டம், டாட்ஜ் திறமை. எதிராளியின் பிடியிலிருந்து, எதிராளிகள் யாரும் ஒட்டி நிற்காத கட்டத்துக்கு நழுவ 3+ வேண்டும். டாட்ஜ் இருப்பதால் ஒரு தடவை திருப்பிப் போடலாம்; மூன்றில் இரண்டாக இருந்த வாய்ப்பு ஒன்பதில் எட்டாக ஏறுகிறது. பாதி முடிய இரண்டே முறை இருக்கும்போது இவனைப் போல உதவுபவன் யாரும் இல்லை. ஆனால் பலம் 2. எதிர் அணியின் சாதாரண ஆள் துணையில்லாமலே வந்து இரண்டு பகடையில் இவனை அடிப்பான். அவனிடம் டேக்கிள் திறமை இருந்தால் டாட்ஜும் செல்லாது. இருவர் இருந்தால் ஒளித்துவைத்துக் காப்பாற்றலாம். பதினொரு பேரில் நால்வர் இப்படி என்றால் எங்கே ஒளிப்பீர்கள்?

த்ரோயர் ஒருவர் போதும். அவரை எறிவதற்காக எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவர் சம்பாதித்துக் கொடுப்பது தரையில் கிடக்கும் பந்தை எடுப்பதில். ஷ்யூர் ஹேண்ட்ஸ் அந்த உருட்டலைத் திருப்பிப் போட விடும்.

இப்போது லைன்மேன். ஒவ்வொரு தொடக்கத்திலும் குறைந்தது மூன்று பேர் நடுக்கோட்டில் நின்றே ஆக வேண்டும். பந்து எதிராளிக்குப் போகிறது என்றால் அந்த மூவரும் முதல் அடியை வாங்கப் பிறந்தவர்கள். உங்கள் பட்டியலில் ஓகரை நிறுத்தினாலும் கூட இருவர் வேண்டும். 85 ஆயிரம் பிளிட்ஸரையா நிறுத்துவீர்கள், கேட்சரையா? 50 ஆயிரம் லைன்மேன் அடிபட்டு வெளியே போனால் மனசு பதறாது. தவிர, உங்களிடம் சரியாகப் பதினொரு பேர்தான். ஒருவர் போனாலும் பத்து. மருத்துவரும் இல்லை.

ரீரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடைவேளையில் எல்லா ரீரோலும் புதிதாகத் திரும்பி வரும், எனவே 3 வாங்கினால் ஆட்டத்துக்கு 6. தொடக்கத்தில் ஒன்று 50 ஆயிரம். லீக் ஆரம்பித்த பிறகு வாங்கினால் இரட்டிப்பு விலை. ஆட்களை எப்போது வாங்கினாலும் அதே விலைதான். லீக் என்று நீங்கள் சொன்னதால் இந்த ஒரு விதிக்காகவே உங்கள் பட்டியலை மாற்றச் சொல்வேன்.

நானாக இருந்தால்: பிளிட்ஸர் 4, த்ரோயர் 1, கேட்சர் 2, லைன்மேன் 5, ரீரோல் 3, மருத்துவர் 1. கச்சிதமாக 10 லட்சம், கையில் பன்னிரண்டு பேர். பார்க்கக் கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

ஓகர் பொம்மைக்கு ஆசையாகப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறீர்கள், விட மனசில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மருத்துவரையும் இரண்டு லைன்மேனையும் விட்டுவிட்டு ஓகரைச் சேருங்கள். பதினொரு பேர், 3 ரீரோல், 9 லட்சத்து 90 ஆயிரம். முதல் வருமானத்தில் மருத்துவரை வாங்கிவிடுங்கள். ஓகரை முறையின் கடைசியில் அடிக்க விடுங்கள். அவன் சொதப்பினாலும் மற்றவர்கள் வேலையை முடித்திருப்பார்கள்.