கோடையில் குழுவாகப் பயணம் போகும்போது திடீரெனத் தலைசுற்றலும் குமட்டலும் வருவது ஏன்?

இதற்கு முக்கியமான ஒரு காரணம் வெப்பச் சோர்வு. அதாவது, வியர்வையாக வெளியேறிய நீரையும் உப்பையும் ஈடுசெய்யாததால் உடல் தளர்ந்துபோகும் நிலை.

மண்பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால்தான் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. நம் தோலும் வியர்வையால் அப்படியே குளிர்கிறது. நீர் குறையக் குறைய அந்தக் குளிர்ச்சியும் குறைந்துவிடும். தன்னால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டுமே என்ற கூச்சத்தில் பிள்ளைகள் களைப்பைச் சொல்லாமல் நடப்பதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது.

ஒரு மே மாதத்தில் சென்னிமலையின் 1320 படிகளை எங்கள் குழு ஏறியபோது, ஒரு தம்பி முகம் வெளிறி, சட்டை தொப்பலாக நனைந்து, பேச்சில்லாமல் படியோரம் உட்கார்ந்துவிட்டான். நிழலில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, ஈரத்துண்டால் கழுத்தைத் துடைத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலை மடக்கு மடக்காகக் கொடுத்த பிறகே தெளிந்தான்.

பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்காக, அதாவது உடல் வெப்பம் கட்டுமீறி உயிருக்கே ஆபத்தாகும் நிலையாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைத்துவிட்டு, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், வாயில் எதையும் புகட்டக் கூடாது.

வியர்த்துக் கொட்டுகிறவருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வராது என்று பலர் நம்புவது தவறு. வெயிலில் ஏறி இறங்கியவருக்கு, உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகும் வியர்வை நிற்காமல் இருக்கலாம்.