'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் நடு அத்தியாயங்கள் நகரவே மாட்டேன் என்கின்றன. எப்படிப் படிப்பது?

நீங்கள் சொல்வது அநேகமாக 9 முதல் 12 வரையிலான அத்தியாயங்களாக இருக்கும். நான் எம்.ஏ. படித்தபோது வகுப்பில் பாதிப் பேர் புத்தகத்தை மூடிவைத்த இடமும் அதுதான். எனக்கோ நதானியேல் ஹாதார்னின் இந்த 1850 நாவலில் மிகவும் பிடித்த பகுதியே அது. அங்கே சம்பவத்தைத் தேடாதீர்கள். யாருக்கு என்ன தெரியும், யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று பாருங்கள்.

குழந்தை பெர்லின் தகப்பன் யார் என்பது, முறைதவறிய உறவுக்குத் தண்டனையாக மார்பில் சிவப்பு 'ஏ' (A, அதாவது Adultery) எழுத்தைச் சுமக்கும் தாய் ஹெஸ்டருக்குத் தெரியும். வைத்தியனாக பாஸ்டனில் உலவும் சில்லிங்வொர்த் தன் கணவன் என்பதும் தெரியும். ஆனால் அதைச் சொல்வதில்லை என்று 4ஆம் அத்தியாயத்திலேயே அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். சில்லிங்வொர்த்துக்குப் பாதிரியார் டிம்ஸ்டேல் மேல் சந்தேகம். டிம்ஸ்டேலுக்கோ, ஒரே வீட்டில் தங்கித் தனக்கு மருந்து கொடுப்பவன் யார் என்றே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு 10ஆம் அத்தியாய உரையாடலைப் படித்தால் விறுவிறுப்பாக இருக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அப்புறம் ஊருக்கு நல்லது செய்ய முடியாது என்பதாலேயே சிலர் வாய் திறப்பதில்லை என்று டிம்ஸ்டேல் வாதாடுவார். பெர்லின் தகப்பன் அவரேதான்; யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல் தன் வழக்கைத்தான் பேசுகிறார்.

ஆனால் உண்மையான அடி 11ஆம் அத்தியாயத்தில் விழுகிறது. பிரசங்க மேடையில் நின்று, தான் பாவிகளிலேயே கேடுகெட்ட பாவி என்கிறார். சொன்னது அப்பட்டமான உண்மை. சபையோ, 'இவரே பாவி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்!' என்று அவரை இன்னும் உயரத்தில் தூக்கி வைக்கிறது. இப்படித்தான் நடக்கும் என்று அவருக்கும் தெரியும்! இன்ன குற்றம் என்று சொல்லாமல் மொத்தமாகப் பாவி என்பது எத்தனை பத்திரமான ஒளிவிடம் பாருங்கள். என்னைக் கேட்டால் நாவலின் மையம் இதுதான்.

12ஆம் அத்தியாயமும் இதன் தொடர்ச்சியே. தண்டனை மேடையில் ஏறுகிறார், அதுவும் நள்ளிரவில், பார்க்க ஆளில்லாதபோது. தாயோடு அந்த வழியே வந்து மேடையேறிய பெர்ல், நாளை நண்பகலில் எங்களோடு இங்கே வந்து நிற்பாயா என்று கேட்டதும் நழுவுகிறார். வானத்தில் எரிகல் வெளிச்சம் 'ஏ' என்ற எழுத்தாகத் தெரிகிறது. அவர் அதில் தன் குற்றத்தைப் பார்க்க, ஊரோ அன்றிரவு இறந்த கவர்னர் விந்த்ராப் தேவதூதர் (Angel) ஆனதற்கான அடையாளம் என்கிறது. (நிஜ விந்த்ராப் இறந்தது 1649 மார்ச்சில், நாவலில் மே மாதம். தேர்வுக்குத் தேவைப்படாது.)

இன்னொன்று, கதைசொல்லியும் லேசுப்பட்டவர் இல்லை. தூங்கும் பாதிரியாரின் மார்புத் துணியை விலக்கிப் பார்த்துச் சில்லிங்வொர்த் குதூகலிப்பதைச் சொல்வார். என்ன பார்த்தான் என்பதைச் சொல்லமாட்டார். நமக்கு இழுவையாகத் தெரிவதில் பாதி, அவர் வேண்டுமென்றே சுற்றி வளைப்பதுதான்.

நேரம் குறைவு என்றால் 9ஐ வேகமாகப் புரட்டிவிட்டு 11ஐ இரண்டு தடவை படியுங்கள். 17ஆம் அத்தியாயத்தில், சில்லிங்வொர்த் யார் என்று ஹெஸ்டர் சொன்னதும் டிம்ஸ்டேல் ஏன் அவள்மேல் அப்படிச் சீறுகிறார் என்பதற்கு அப்போது கைடு தேவைப்படாது.