'பன்ன விதை' என்று விற்பது எது?

கேள்வி: இணையத்தில் 'பன்ன விதை, 50' என்று போட்டிருந்ததை வாங்கினேன். வந்தவை கறுப்பு விதைகள். தூவி இரண்டு மாதம், புல்லுப் போல ஏதோதான் முளைத்திருக்கிறது. விதைத்த முறை பிழையா? (வாசகி, கல்லடி)

பதில்: முறையில் பிழையில்லை, வந்த சரக்கில்தான் பிழை. பன்னம் (ஆங்கிலத்தில் 'பேர்ன்') பூக்காது, காய்க்காது. அதற்கு விதையே கிடையாது. இலையின் அடிப்பக்கத்து மண்ணிறப் புள்ளிகளில் இருக்கும் வித்திகள் என்ற நுண்ணிய தூளால்தான் பெருகும். பூச்சி முட்டையென்று அந்தப் புள்ளிகளைச் சுரண்டி எறிகிறவர்களும் உண்டு, பாவம் அந்தச் செடி. வித்தி கோப்பித்தூளைவிட நைசானது. 50 என்று எண்ணித் தரக்கூடிய எதுவும் பன்னத்துடையதல்ல. 'அஸ்பரகஸ் பேர்ன்' என்ற செடி பெயரில் மட்டும்தான் பன்னம். அது பூத்து, சிவப்புப் பழத்துக்குள் கறுப்பு விதை வைக்கும். முளைத்தது மெல்லிய ஈர்க்குப் போல நின்றால் அதுவாக இருக்கலாம், பிடுங்கிவிடாதீர்கள்.

விளம்பரப் படம், பற்றுச்சீட்டு, விதை வந்த பை மூன்றையும் வைத்துக்கொண்டு விற்றவரிடம் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், உங்களுக்கு நாள் அதிகமில்லை. தொலைபேசி 1977.

வித்தியில் வளர்க்க ஆசையென்றால் காசே வேண்டாம். புள்ளிகள் மண்ணிறமான இலையை வெள்ளைத்தாளில் புள்ளிப்பக்கம் கீழாக வைத்து, காற்றுப் படாமல் இரண்டு நாள் விடுங்கள். தாளில் தூள் படியும். தும்புத்தூளில் கொதிதண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, அதன்மேல் மிக ஐதாகத் தூவி, கண்ணாடி மூடி போட்டு நிழலில் வையுங்கள். கொதிதண்ணீர் ஊற்றத் தவறினால் பாசி முந்திக்கொள்ளும். அடர்த்தியாகத் தூவினால் பெரும்பாலும் ஆண் உறுப்பு மட்டுமுள்ள முளைகளே உண்டாகி, கன்று வராது. உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், மழைத்தண்ணீர் நல்லது.

சில கிழமைகளில் பச்சைப் படலம் வரும். பிறகு விரல்நகத்திலும் சிறிய, இதய வடிவத் தகடுகள் தெரியும். அதில் உண்டாகும் ஆண் கலம் தண்ணீரில் நீந்தித்தான் முட்டையை அடைய வேண்டும். ஆகவே அந்த நேரம் நாளுக்கு ஒருமுறை பனி போலத் தண்ணீர் விசிறுங்கள். பலருக்கும் இங்கேதான் கைநழுவுகிறது: தகடு வந்ததும் மூடியைத் திறந்துவிடுகிறார்கள், ஒரு கச்சான் காற்றோடு எல்லாம் காய்ந்துவிடும். மாரி தொடங்கும் ஒக்டோபரில் ஆரம்பிப்பதே புத்தி. சாடியில் வைக்கும் அளவுக்கு வர ஆறு மாதத்துக்கு மேலாகும்.

பொஸ்ரன் பன்னத்துக்கு இந்தப் பாடு வேண்டாம். அதன் வித்தி பெரும்பாலும் மலடு. ஓடிகளோடு (படர்ந்து ஓடி வேர்விடும் தண்டுகளோடு) ஒரு கன்று வாங்கிப் பிரித்து நடுங்கள்.